தோட்டம் தோட்டமாகப் போனவர்

வணக்கம் நேயர்களே. சமையலறையில் இருப்பவர்களுக்கும், ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவில் பீட் டொமினிச்சி என்று ஒரு செனட்டர் இருந்தார். பட்ஜெட் என்றால் செலவைக் குறை என்று கறாராக நிற்பவர். அவர் மகளுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. அதே மனிதர், மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்புறுதியில் பாகுபாடு கூடாது என்று பல ஆண்டுகள் போராடினார். அவரோடு சேர்ந்து நின்ற பால் வெல்ஸ்டோன் எதிர்க்கட்சிக்காரர். அவருடைய அண்ணனுக்கும் மனநோய். 1996-இல் ஒரு சட்டம், 2008-இல் இன்னும் வலுவான சட்டம். இரண்டாவது சட்டம் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

நல்லதுதான். ஆனால் எந்த அமைச்சர் வீட்டிலும் வராத கஷ்டம் என்னாவது? இதைத்தான் நான் எங்கே பேசினாலும் கேட்கிறேன்.

நம் மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தனைப் பாருங்கள். சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீட்டு வாழ்க்கை அவர் வாழ்ந்ததல்ல. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். வேலை போகும், அதோடு குடியிருக்கும் வீடும் போகும். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார், ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளியே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்குவது என்ற திட்டம்!

என் அத்தை பங்கு சேர்ந்தவர். அந்தப் பங்குச் சீட்டை வேட்டித்துணியில் சுற்றி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார். "நம்மகிட்டயும் ஒரு தோட்டம் இருக்கு" என்பார். ஒரு தலைவர் வந்து உட்கார்ந்து கேட்டதால் வந்த பேச்சு அது. மறுபடியும் சொல்கிறேன்: அந்தக் கஷ்டம் அவர் வீட்டுக் கஷ்டமல்ல. போய்க் கேட்டார், அவ்வளவுதான்.

வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த கர்ப்பால் சிங் பற்றி நிறையப் பேச நினைத்தேன். 2005-இல் பினாங்கில் கார் விபத்து. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியிலேயே நாடாளுமன்றம் வந்து வாதாடினார். தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார், இன்னொரு நாள் சொல்கிறேன்.

உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை வந்தால் இதை மட்டும் கேளுங்கள்: "ஐயா, அரசாங்க மருத்துவமனையில் நம்பர் எடுத்துக் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்?" நன்றி, வணக்கம்.