வன்னியில் வீட்டு லோன்: வட்டியைக் கேட்குமுன் காணிப் பேப்பரைப் பாருங்கள்

வணக்கம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஏதாவது ஒரு வங்கிக்குள்ளே போய், வீடு வாங்க லோன் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே எதிரே இருக்கிறவர் கேட்பார்: "உறுதிக் காணியா, பெர்மிற் காணியா?" உறுதி என்றால் நொத்தாரிசு எழுதிய சொந்த உரிமைப் பத்திரம், பெர்மிற் என்றால் அரசு தந்த அனுமதிப்பத்திரம். இதற்குப் பதில் தெரியாமல், இந்த வங்கியில் வட்டி எத்தனை வீதம், அந்த வங்கியில் எத்தனை வீதம் என்று விசாரித்துத் திரிவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் இந்த வீடியோவில் முக்கால்வாசி காணிப் பேப்பரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். லோன் கணக்கு கடைசியில் வரும். அவசரமானவர்கள் அங்கே தாவலாம், ஆனால் தாவினால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

[திரையில்: வன்னி வரைபடம். ஏ-9 வீதி, குளங்கள்.]

யாழ்ப்பாணத்தில் சீதன உறுதி, நன்கொடை உறுதி என்று தலைமுறையாகக் கைமாறி வந்த காணிதான் அதிகம். வன்னி அப்படியில்லை. இங்கே பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை நம்பிச் சனங்களைக் குடியேற்றி, அரசு துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தது. அப்போது கையில் கிடைக்கிற முதல் பேப்பர் அனுமதிப்பத்திரம், அதைத்தான் நாங்கள் பெர்மிற் என்கிறோம். காணியில் இருந்து, அதைத் திருத்தி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிறகு அளிப்புப் பத்திரம் வரும். அளிப்பு வந்தாலும் காணி முழுக்க உங்களுடைய இஷ்டத்துக்கு என்று இல்லை. விற்கவோ எழுதிக் கொடுக்கவோ பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும், அது இல்லாமல் நொத்தாரிசு முடித்த உறுதியும் செல்லாது. 2024இல் 'உறுமய' என்று ஒரு திட்டம் தொடங்கி, இப்படியான காணிகளுக்கு முழு உரிமைப் பத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். விற்கிறவர் தனக்கு அது கிடைத்தது என்றால் மூலப்பிரதியைக் காட்டச் சொல்லுங்கள்.

பெர்மிற் காணியை விற்க முடியாது. விற்க முடியாத அந்தக் காணிதான் வன்னியில் தினமும் விற்கப்படுகிறது. எப்படி என்றால், ஒரு முழுத்தாள், அதில் முத்திரை, "எனது அனுபவத்தில் இருந்து வந்த காணியை இன்னாருக்கு இத்தனை இலட்சம் ரூபாய்க்குக் கைமாற்றிக் கொடுத்தேன்" என்று நாலு வரி, இரண்டு சாட்சிக் கையெழுத்து, கீழே ஒரு ஜே.பி.யின், அதாவது சமாதான நீதவானின், றப்பர் சீல். பார்க்கப் பெரிய பத்திரம் மாதிரியே இருக்கும். தரகர் அதை பிளாஸ்ரிக் கவரில் போட்டு மரியாதையாக நீட்டுவார். அந்தப் பேப்பரால் காணி உங்கள் பெயருக்கு வராது. பிரதேச செயலகத்தின் காணிக் கிளைப் பதிவில் பழைய ஆளின் பெயர்தான் இருக்கும், அவர் கண்ணை மூடினால் அவர் நியமித்த பின்னுரித்தாளருக்குப் போகும், அப்படி யாரையும் நியமிக்காவிட்டால் சட்டத்தில் இருக்கிற வரிசைப்படி பிள்ளைகளில் ஒருவருக்குப் போகும். முன்பு அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம், 2022இல் கொண்டு வந்த திருத்தத்தோடு ஆண், பெண் பேதம் இல்லை. ஆக, நீங்கள் வீடு கட்டிக் குடிபூரல் செய்து வாழை குலை தள்ளுகிற நேரத்தில், விற்றவருடைய மகளோ மகனோ வந்து "இது எங்கடை அப்பாவின்ரை காணி" என்று நின்றால், சட்டம் அவர்கள் பக்கம்தான்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், வீட்டுத்திட்ட வீடுகள். 2012இல், போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டம் பெரிய அளவில் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். அந்தக் காசு போதாமல் நகையை அடகு வைத்து, வட்டிக்கு எடுத்து, கடனோடு கூரை போட்டவர்கள் நிறையப் பேர். இப்போது அந்தக் கடனை அடைக்கவோ பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பவோ அந்த வீட்டையே விற்கப் பார்க்கிறார்கள். வீடு நல்ல வீடாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் அது நிற்கிற காணி பெர்மிற் காணி என்றால் வீட்டின் அழகைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. முதலில் ஜி.எஸ்.ஸிடம், அதாவது கிராம சேவகரிடம், போங்கள், அங்கிருந்து பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள், அந்தக் காணியின் கோவையில் யார் பெயர் இருக்கிறது, முறைப்படி கைமாற்ற வழி இருக்கிறதா என்று விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அவர் அங்கே வர மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பெர்மிற் காணிக்கு லோனே கிடைக்காதா? அளிப்புப் பத்திரம் இருந்தால், பிரதேச செயலாளரின் அனுமதியோடு சில வங்கிகள் ஈடாக எடுக்கும். வெறும் பெர்மிற்றுக்கு ஆள்பிணையோடு சின்னக் கடன் கிடைக்கலாம். 15 வருட வீட்டு லோன் என்றால் வங்கிக்கு உறுதி வேண்டும்.

[திரையில்: பெயர்கள் மறைக்கப்பட்ட ஓர் அறுதி உறுதியின் கடைசிப் பக்கம்.]

சரி, உறுதிக் காணி என்றே வைத்துக்கொள்வோம். எல்லோரும் உறுதியின் முதல் பக்கத்தில் பெயரையும் விலையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் கடைசியில் இருக்கிற அட்டவணையைப் படியுங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு எல்லையும் அங்கே இருக்கும். 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், இதை மனதில் வைத்துக்கொண்டு நிலத்தில் வேலிக்குள் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லையில் 'ஒழுங்கை' என்று எழுதியிருந்தால் அந்த ஒழுங்கை உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது பக்கத்துக் காணிக்காரர் கதியால் போட்டு அடைத்துவிட்டாரா? 'வழி வாய்க்கால் கிணற்றுப் பங்கு' என்று ஒரு துண்டு வசனம் வரும், அதைச் சும்மா விடாதீர்கள். வழியுரிமை உறுதியில் இல்லை என்றால் நாளைக்கு கல்லும் மணலும் ஏற்றின டிரக்டர் உள்ளே வர அயலவரின் தயவு வேண்டும்.

எல்லைகளில் அயலவர்களின் பெயர் 1970களின் ஆட்களாகவே இருக்கும், அதிலே பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து ஒரு படம் எடுக்காமல் காசு கொடுக்காதீர்கள். வங்கியும் அந்தப் படத்தைக் கேட்கும்.

அடுத்தது காணிப் பதிவகம். வங்கியின் சட்டத்தரணி வழக்கமாக 30 வருடத்துக்குப் பின்னால் போய், காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா என்று தேடுவார். வன்னியில் இந்தத் தேடல் அவ்வளவு சுலபம் இல்லை, ஏனென்றால் போரில் உறுதிகள் வீட்டோடு எரிந்தன, பதுங்குகுழியில் புதைத்தது மக்கிப்போனது, அலுவலகப் பதிவுகளும் அழிந்தன. உறுதி தொலைந்தாலும் பதிவு இருந்தால் பிரதி எடுக்கலாம். இரண்டும் இல்லாதவர் "பத்து வருடமாக நான்தான் இருக்கிறேன், ஆட்சி உரிமை எனக்கு" என்று சொல்லி விற்க வந்தால் கவனம். இடம்பெயர்ந்து தன் காணிக்கு வர முடியாமல் போனவர்களைப் பாதுகாக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சி உரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட இடம் கொடுத்தது. அரச காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த உரிமையே வராது.

காணி வயலாக இருந்தால் அது வேறு கதை. ஏ-9 ஓரம் மலிவாக வயல்துண்டு வருகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை அனுமதியில்லாமல் நிரப்பி வீடு கட்ட முடியாது. கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். காட்டோரம் என்றால் வன இலாகாவின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று நேரில் நடந்து பாருங்கள், ஊர் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காடாகிப்போய், சனம் திரும்பி வரும்போது கல் போட்டிருந்த இடங்கள் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருக்கின்றன. குளத்துக்குக் கீழே என்றால் 2018 டிசம்பரில் தண்ணீர் எது வரைக்கும் நின்றது என்று அயலில் ஒரு வயதானவரிடம் கேளுங்கள், சுவரைத் தொட்டுக் காட்டுவார்.

அட்வான்ஸ் விஷயத்தில் சனம் அதிகமாக ஏமாறுகிறது. கொப்பித் தாளில் "இரண்டு இலட்சம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கிவிட்டு காணி தன்னுடையது என்று நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற மோசடித் தடுப்புச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம்கூட நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும். அந்த ஒப்பந்தத்தையே காணிப் பதிவகத்தில் பதிந்து வையுங்கள், அப்போதுதான் இடையில் வேறு ஆளுக்கு விற்கிற வேலை நடக்காது. வடக்குத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணி என்றால், பங்காளிகளும் உரித்தாளிகளும் முதலில் வாங்கும் உரிமையுள்ளவர்கள், அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்றும் நொத்தாரிசிடம் கேளுங்கள்.

முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் தலையில்தான். முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சத்துக் காணிக்கு 1 இலட்சத்து 99 ஆயிரம். "உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவம்" என்று தரகர் சொல்வார், அவருக்கு என்ன, தீர்வை சந்தைப் பெறுமதிக்குத்தான், மிச்சத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் உங்கள் விலாசத்துக்குத்தான் வரும்.

கனடாவிலோ லண்டனிலோ இருந்து பார்க்கிறவர்களுக்கு: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது, இலங்கைக் குடியுரிமையை விட்டவரும் அதில் அடக்கம். இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. தொடர்மாடியில் நாலாம் மாடியிலிருந்து மேலே வாங்கலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது, பரந்தனில் நாலாம் மாடிக்கு எங்கே போவது! அதனால் இங்கே இருக்கிற மச்சான் பெயரில் வாங்குகிறார்கள். மச்சான் நல்லவராகவே இருக்கட்டும், பேப்பரில் காணி அவருடையது, அவருக்குப் பிறகு அவருடைய மனைவி பிள்ளைகளுடையது. அனுப்பிய காசின் வங்கிச் சிட்டைகளையாவது பத்திரமாக வையுங்கள்.

[திரையில்: மாதக் கட்டணக் கணக்கு.]

இனிக் கணக்கு. 30 இலட்சம் லோன், 12 வீத வட்டி, 15 வருடம். இந்த 12 நான் உதாரணத்துக்கு எடுத்தது, இன்றைய வீதத்தை வங்கியிலேயே கேளுங்கள். மாதம் 36,005 ரூபாய் வரும். முதல் மாதம் கட்டுகிற அந்த 36 ஆயிரத்தில் 30 ஆயிரம் வட்டிக்கே போகிறது, எடுத்த கடன் தொகையில் குறைவது 6,005 ரூபாய்தான். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 64 இலட்சத்து 80 ஆயிரம் போயிருக்கும். 20 வருடமாக நீட்டினால் மாதம் 33,033 ரூபாய். மாதத்துக்கு மூவாயிரம் குறைந்ததென்று பார்த்தால் மொத்தம் 79 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பதுதான் நான் முதலில் கேட்கிற கேள்வி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. மாறும் வட்டியில் லோன் எடுத்திருந்த அரச உத்தியோகத்தர்களின் சம்பளச் சிட்டையை அப்போது பார்த்திருந்தால் தெரியும். மேலே சொன்ன அதே லோன் 18 வீதமானால் மாதம் 48 ஆயிரத்தைத் தாண்டும். "முதல் ஐந்து வருடம் நிலையான வட்டி" என்றால், ஆறாம் வருடம் எதை வைத்துக் கணக்கிடுவீர்கள் என்று கேட்டு, அந்த வரியைக் கடிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசை மறந்துவிடுகிறார்கள். 10 வருடச் சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால், வீட்டுக்காக 30 வீதம் வரை, உச்சம் 20 இலட்சம், முன்கூட்டியே எடுக்கலாம். அதை எடுத்து லோன் தொகையைக் குறைப்பது, நுண்கடன் குழுவில் வாராந்தம் கட்டுகிறதாக ஒரு கடனை மேலதிகமாக எடுப்பதைவிட எவ்வளவோ மேல். வீட்டு லோனோடு வாரக் கடனையும் சேர்த்துக் கட்டவே வேண்டாம், அந்த விஷயத்தில் நான் கண்டிப்பு.

கட்டுவதற்கு லோன் எடுத்தால் காசு ஒரேயடியாக வராது. அத்திவாரம் முடிய ஒரு பங்கு, சுவர் எழும்ப ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு என்று, வங்கியின் ஆள் வந்து பார்த்த பிறகுதான் அடுத்தது. மேசனுக்கு வாராந்தம் கூலி வேண்டும், வங்கிக்கு அவசரம் இல்லை. அந்த இடைவெளியைச் சமாளிக்கக் கையில் காசு வைத்துக்கொண்டு தொடங்குங்கள், மாரிக்கு முன்னால் கூரை ஏறுகிற மாதிரி மாதத்தைக் கணக்குப் பண்ணுங்கள்.

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடியவில்லை. உறுதியை வங்கியிலிருந்து எடுத்துவிட்டு, ஈட்டு விடுதலைப் பத்திரம் எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, பதிவுப் பிரதி ஒன்றும் கையோடு எடுங்கள். இதைப் பதியாமல் விட்டால், கடன் முடிந்து பத்து வருடம் ஆனாலும் பதிவேட்டில் உங்கள் காணி வங்கிக்கு ஈடாகவே இருக்கும்.