மூலைவாட்டுத் துணியும் மதலேன் வியோனேயும்

வணக்கம், நேயர்களே.

உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கைக்குட்டை இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுமாறு முதலில் கேட்டுக்கொள்கிறேன். பனியன் துணி வேண்டாம்; தறியில் நெய்த சாதாரணப் பருத்தித் துணியாக இருக்கட்டும். அதன் ஒரு கரையை இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணி விறைத்து நிற்குமே தவிர நீளாது. அடுத்த கரையைப் பிடித்து இழுத்தாலும் அப்படித்தான். இனி, எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகளைப் பிடித்து மெல்ல இழுங்கள். சற்று முன்பு விறைத்து நின்ற அதே துணி இப்போது நீள்கிறது. நீளும்போதே நடுவில் ஒடுங்குகிறது. கையைத் தளர்த்தினால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. இன்று நான் பேசவிருக்கும் பெண்மணியின் வாழ்க்கைப் பணி முழுவதும் இந்த ஒரு இழுப்பில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அவர் பெயர் மதலேன் வியோனே. 1876ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று, பிரான்சின் லுவாரே மாவட்டத்தில் ஷில்லேர்-ஓ-புவா என்னும் சிற்றூரில் பிறந்து, 98 ஆண்டுகள் வாழ்ந்து, 1975 மார்ச்சில் பாரிசில் மறைந்த ஆடை வடிவமைப்பாளர். அவர் காலத்தவரான கோகோ ஷனேலின் பெயரைக் கேள்விப்படாதவர் அரிது. வியோனேயின் பெயரோ தையற்கூடங்களுக்கு வெளியே அதிகம் ஒலிப்பதில்லை. ஆனால் கத்தரிக்கோல் பிடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உடை வடிவமைப்பின் மேதையென்று போற்றப்படும் பலென்சியாகா அவரைத் தம் ஆசான்களுள் ஒருவராக மதித்தார். பிற்காலத்தில் அஸெதின் அலாயா என்னும் வடிவமைப்பாளர் அவருடைய உடைகளைத் தேடித் தேடிச் சேகரித்தார்.

கைக்குட்டைக்குத் திரும்புகிறேன். துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. அதைக் குறுக்கே பின்னிச் செல்வது ஊடை. பாவின் வழியிலோ ஊடையின் வழியிலோ இழுக்கும்போது நூலையே நீட்டப் பார்க்கிறோம். நூல் இடம் கொடுப்பதில்லை. மூலையிலிருந்து மூலைக்கு இழுக்கும்போது நூல் நீள வேண்டிய தேவையே இல்லை. பாவும் ஊடையும் சேர்ந்து அமைக்கும் சின்னஞ்சிறு சதுரங்கள் சாய்ந்து, சாய்சதுரங்களாக மாறுகின்றன. மடக்குக் கதவின் பின்னல் கம்பிகள் நீண்டு ஒடுங்குவதைப் போல. தையல்காரர்கள் நாங்கள் இந்த மூலைவாட்டுப் போக்கைக் ‘கிராஸ்’ என்போம்.

வியோனேக்கு முன்பும் தையற்கலைஞர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கழுத்துப்பட்டைக்கும் வளைந்த ஓரங்களுக்கும் மூலைவாட்டுப் பட்டிகளை வெட்டித் தைப்பது பழைய வழக்கம். ஆனால் அவர்கள் அதை ஓரங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்; வியோனே உடை முழுவதையுமே அந்தப் போக்கில் வெட்டினார். அப்படி வெட்டிய பட்டுக் கிரேப், அதாவது மேற்பரப்பு நுண்சுருக்கமாக இருக்கும் குழைவான பட்டுத் துணி, தன் சொந்தக் கனத்தாலேயே கீழ்நோக்கி நீண்டு, நீளும் அளவுக்கு ஒடுங்கி, உடலின் மேல் நீர் வழிவதைப் போல இறங்கும். உடையை விறைப்பாக நிறுத்த உள்ளே எலும்புக் கம்பி வேண்டாம். கொக்கியும் பொத்தானும் பெரும்பாலும் வேண்டாம். தலைவழியே போட்டுக்கொண்டால் போதும். உட்கார்ந்தால் துணியும் உட்காரும். திரும்பினால் துணியும் திரும்பும்.

கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றலாம். எவ்வளவு கடினம் என்பதை என் அனுபவத்தால் சொல்கிறேன். நேரம் சற்று அதிகமானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வியோனேயை நான் தேடிப் போனதே இதனால்தான். தையல் பழகிய தொடக்கக் காலத்தில், மூலைவாட்டில் வெட்டிய பாவாடை ஒன்றை முதன்முதலாகத் தனியாகத் தைத்தேன். அளவெடுத்து, வெட்டி, இணைத்து, அன்று மாலையே அடியை மடித்து ஹெம்மிங்கும் போட்டு, தேய்த்து, கம்பியில் மாட்டிவிட்டுப் போனேன். அடி விளிம்பு தரைக்கு ஒரே சீராக இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோது, முன்னும் பின்னும் ஓர் அளவிலும், பக்கங்கள் மூன்று விரற்கடை கீழேயும் தொங்கின. அலைகளைப் போல மேலும் கீழுமாக இருந்த அந்த விளிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அளவில்தான் எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று அழுதேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அம்மையார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “அளவில் பிழையில்லையம்மா, துணி இறங்கி முடிப்பதற்குள் நீ மடித்துவிட்டாய்.” மூலைவாட்டில் வெட்டிய துணியை மாட்டித் தொங்கவிட்டு, அது இறங்க வேண்டிய மட்டும் இறங்கிய பிறகே அடியை வெட்டிச் சமன்செய்ய வேண்டும்; ஓர் இரவாவது, கனத்த துணியென்றால் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். பட்டுக் கிரேப் ஒரு விதமாக இறங்கும், மெல்லிய பருத்தி வேறு விதமாக இறங்கும். ஒரே துணியில் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட அதிகமாகவும் இறங்கும், ஏனெனில் பாவின் இழுவிசையும் ஊடையின் இழுவிசையும் தறியில் ஒன்றாக இருப்பதில்லை. தையல் ஓட்டத்தை இறுக்கினாலோ, துணி நீளும்போது நூல் அறுந்துபோகும். ஒரு பாவாடைக்கே இவ்வளவு என்றால், தோள் முதல் பாதம் வரை முழு உடையையும் இந்தப் போக்கில் வெட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான புது வடிவங்களை வெளியிட்ட ஒருவருக்குத் துணியைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அன்று எண்ணத் தொடங்கினேன். இன்னும் அந்த வியப்பு தீரவில்லை.

அந்த அறிவு அவருக்குப் பள்ளியில் கிடைத்ததன்று. தந்தையின் பொறுப்பில், பாரிசை ஒட்டிய ஓபெர்வில்லியேயில் வளர்ந்த மதலேன், இன்னும் சிறுமியாக இருந்தபோதே ஒரு தையல்காரரிடம் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். பதினெட்டு வயதில் திருமணம், பிறந்த பெண் குழந்தை இறந்தது, மணவாழ்வும் முறிந்தது. அதன்பின் லண்டனுக்குச் சென்று, பாரிஸ் உடைகளைப் பார்த்து ஆங்கிலேயச் சீமாட்டிகளுக்குத் தைத்துக்கொடுத்த கேட் ரெய்லி என்பவரின் நிறுவனத்தில் வேலை பார்த்தார்.

பாரிசுக்குத் திரும்பியதும் கலோ சகோதரிகளின் புகழ்பெற்ற உடை நிறுவனத்தில் சேர்ந்தார். அவர்களுள் மூத்தவரான மரி கலோ ஜெர்பர் துணியை நேரே உடலின் மேல் போட்டு வடிவம் காண்பவர். அவர் கற்பனையைத் தைக்கக்கூடிய உடையாக மாற்றும் பொறுப்பு மதலேனுக்கு வந்தது. அவர்களிடம் பயிலாதிருந்தால் ஃபோர்டு கார்களையே செய்துகொண்டிருந்திருப்பேன், ரோல்ஸ்ராய்ஸ் செய்ய முடிந்தது அவர்களால்தான் என்று பிற்காலத்தில் அவரே கூறினார். ஆசிரியரின் பெயரை இப்படி வெளிப்படையாகச் சொல்கிற பெருந்தன்மை எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம்.

1907இல் ஜாக் தூசே என்னும் வடிவமைப்பாளரின் நிறுவனத்துக்கு மாறினார். இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் என்னும் உள்கச்சை அன்றைய பெண்களின் உடையில் தவிர்க்க முடியாததாக இருந்தது. வியோனே தம் உடைகளைக் காட்சிக்கு வைத்தபோது, அணிந்து வந்த பெண்களைக் கார்செட் இல்லாமலும் வெறுங்காலோடும் நடக்கச் செய்தார். விற்பனைப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. வாடிக்கையாளர்களிடம் அந்த உடைகளை எடுத்துக்காட்டவே தயங்கினார்கள். பெண்களைக் கார்செட்டிலிருந்து விடுவித்தவர் யார் என்பதில் போல் பொவாரே என்னும் வடிவமைப்பாளரும் உரிமை கொண்டாடியதுண்டு. முதலில் யார் என்னும் வழக்கைவிட, கார்செட் இல்லாத உடலுக்கு ஏற்ற உடையை வெட்டிக் காட்டியவர் யார் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். அதில் எனக்கு ஐயமில்லை.

1912இல் பாரிஸ் ரிவோலி தெருவில் தம் சொந்த நிறுவனத்தைத் திறந்தார். இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்து அதை மூட வைத்தது. 1918இல் மீண்டும் திறந்தார். அவருடைய மகத்தான ஆண்டுகள் அதன் பிறகே தொடங்கின.

அவர் வேலை செய்த விதத்தை ஒரு கணம் மனக்கண்ணில் பாருங்கள். தாளில் படம் வரைந்து அவர் தொடங்கியதில்லை. ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மரப்பொம்மையைச் சுழலும் பியானோ முக்காலியின் மேல் நிறுத்தி, அதன்மேல் துணியைப் போட்டு, முக்காலியைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் பார்த்து, குண்டூசி குத்தி, வெட்டித்தான் ஓர் உடையைக் கண்டுபிடிப்பார். அந்தச் சிற்றுருவம் சரியாக அமைந்த பிறகே ஆளளவு உடையாக வெட்டப்படும். மூலைவாட்டில் முழு உடையை வெட்டுவதற்குச் சாதாரண அகலத் துணி போதாது. ஆகவே பியான்கினி-ஃபெரியே என்னும் பட்டு நிறுவனத்திடம் வழக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு அகலமான கிரேப் துணியைத் தமக்கென்றே நெய்து வாங்கினார். நான்கு கைக்குட்டை உடை என்று பெயர் பெற்ற அவருடைய ஓர் உடை நான்கே நான்கு சதுரத் துண்டுகளால் ஆனது. சதுரங்களை மூலை கீழே வருமாறு திருப்பி வைத்ததால், மூலைவாட்டுப் போக்கு தானாகவே உடலின் நெடுக்கில் அமைகிறது. அடி விளிம்பு கூர்கூராக விழுகிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் கைக்குட்டைதான், நேயர்களே, வேறொன்றும் இல்லை.

1923இல் மோந்தேன் அவென்யூவில் ஒரு மாளிகைக்கு நிறுவனம் இடம்பெயர்ந்தது. உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 1,200 பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு உணவுக்கூடமும், மருத்துவரும் பல் மருத்துவரும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும், பேறுகால விடுப்பும், சம்பளத்தோடு விடுமுறையும் அவர் அளித்தார். தொழிலாளர் அனைவருக்கும் இரண்டு வாரச் சம்பள விடுமுறையைப் பிரெஞ்சு நாடு சட்டமாக்கியது 1936இல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குனிந்து தைத்தே வளர்ந்த சிறுமி, குனிந்து தைப்பவர்களின் முதுகுவலியை மறக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் வானொலி நிலைய நண்பர், இரண்டு நிமிடமே மீதி என்று இரண்டு விரல்களைக் காட்டுகிறார். உடைகளைத் திருடி நகலெடுத்தவர்களோடு வியோனே நடத்திய போராட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. வடிவமைப்பும் ஒரு படைப்பே, அதற்கும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். அதற்காக நீதிமன்றமும் சென்றார். உடைகளின் அடையாளச் சீட்டில் தம் கையெழுத்தோடு பெருவிரல் ரேகையையும் பதித்தார். ஒவ்வோர் உடையையும் மூன்று பக்கக் கண்ணாடியின் முன் நிறுத்தி, முன்புறம், பின்புறம், பக்கவாட்டு மூன்றும் தெரியப் படமெடுத்து ஆல்பங்களில் ஒட்டிவைத்தார்.

1939இல், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டில், நிறுவனத்தை மூடினார், மீண்டும் திறக்கவில்லை. 1952இல் தம்மிடமிருந்த உடைகளையும், துணி மாதிரி வடிவங்களையும், 75 ஆல்பங்களையும் பிரான்சின் உடைக்கலை அமைப்பு ஒன்றுக்குக் கொடையாக வழங்கினார். அவை இன்று பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. களவைத் தடுக்க அவர் அன்று படமெடுத்து வைத்ததால்தான், அந்த உடைகளின் தையல் எங்கே தொடங்கி முதுகில் எப்படித் திரும்பி இடுப்பில் எங்கே முடிகிறது என்பதை என்னைப் போன்றவர்கள் இன்று விரல்வைத்துப் பின்தொடர முடிகிறது.

நேரம் முடிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.