கூட்டத்தின் பலம் எண்ணிக்கையில் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவருடைய எண்ணமும் உணர்வும் நடத்தையும், பிறர் அருகில் இருப்பதால் அல்லது பிறர் தம்மைக் கவனிப்பதாக அவர் நினைப்பதால், எப்படி மாறுகின்றன என்பதை ஆராயும் துறைக்குச் சமூக உளவியல் என்று பெயர். பெரும்பான்மைக்கு இணங்குதல், அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல், சிறுபான்மையின் செல்வாக்கு என அந்தத் துறையில் பேச வேண்டியவை பல. அனைத்தையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட, அவற்றின் ஊடே ஓடும் ஒரே ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு கூட்டம் தனிமனிதரைப் பணிய வைப்பது, அதில் நிறையப் பேர் இருப்பதாலா, அல்லது அவர்களில் ஒருவர்கூட மாற்றிப் பேசாமல் இருப்பதாலா?

இன்றைய போலந்தின் வார்சா நகரில் 1907-இல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் நியூயார்க்கில் குடியேறியவர் சாலமன் ஆஷ். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், 1950-களின் முற்பகுதியில் நடத்திய பரிசோதனைகள் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்தன. ஒரு வகுப்பறையில் ஏழு முதல் ஒன்பது மாணவர்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் இரண்டு வெள்ளை அட்டைகள் காட்டப்படும். ஒன்றில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு இருக்கும்; மற்றதில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள் இருக்கும். முதல் அட்டையின் கோட்டுக்கு இந்த மூன்றில் எது சமம் என்று ஒவ்வொருவரும் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கோடுகளுக்கு இடையிலான வேறுபாடு முக்கால் அங்குலம் முதல் ஒன்றேமுக்கால் அங்குலம் வரை இருந்ததால், தனியாக இருக்கும்போது நூற்றுக்கு ஒரு தவறுகூட நேராத அளவுக்கு அது எளிய வேலை.

ஆனால் அந்த அறையில் உண்மையாகவே பரிசோதிக்கப்பட்டவர் ஒருவர்தான். மற்ற அனைவரும் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டவர்கள். முதல் இரண்டு சுற்றுகளில் அவர்கள் சரியாகச் சொல்வார்கள். பிறகு, மொத்தம் 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில், அத்தனை பேரும் ஒரே தவறான கோட்டைக் காட்டுவார்கள். விவரம் அறியாத மாணவரோ வரிசையின் கடைசிப் பக்கத்தில் இருப்பதால், தம் முறை வருவதற்குள் ஏறத்தாழ எல்லாருடைய பதிலையும் கேட்டுவிட்டிருப்பார். அந்தக் கணத்தில் அவர் தயங்குவதையும், குரலைத் தாழ்த்திப் பதில் சொல்வதையும், சங்கடத்தோடு சிரிப்பதையும் ஆஷ் குறித்து வைத்திருக்கிறார். வெறும் கோட்டின் நீளம்தான். தவறாகச் சொன்னால் பரிசு போகாது, சரியாகச் சொன்னால் தண்டனையும் கிடையாது. அப்படியிருந்தும் அந்த மாணவரின் கண்கள் சொல்வதும் காதுகள் கேட்பதும் மோதுகின்றன.

மூன்று கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 123 மாணவர்களிடம் நடத்திய சோதனைகளில், கூட்டம் தவறாகச் சொன்ன சுற்றுகளில் 36.8 விழுக்காடு பதில்கள் கூட்டத்தின் தவற்றையே எதிரொலித்தன. இந்த எண்ணை வைத்துக்கொண்டு மனிதர்கள் வெறும் ஆட்டுமந்தை என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. பாடப்புத்தகங்கள்கூட இதற்கு விலக்கில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பதில்கள் சரியானவை என்பதும், நான்கில் ஒரு பங்கு மாணவர்கள் ஒரு முறைகூட அசையவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுகள்தாம். மனிதர் எதனால் சுயமாக நிற்கிறார் என்பதையும் ஆஷ் அதே அக்கறையோடு ஆராய்ந்தார். அவர் அடுத்தடுத்துச் செய்த மாற்றங்களில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது.

முதலில் கூட்டத்தின் அளவை மாற்றிப் பார்த்தார். எதிரே ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னபோது, மாணவர் ஏறக்குறைய அசையவே இல்லை, 3.6 விழுக்காடு பதில்களே தவறின. இருவர் ஆனபோது அது 13.6 ஆயிற்று, மூவர் ஆனபோது 31.8. அதற்குமேல் ஆட்களைக் கூட்டி 15 பேர் வரை கொண்டு சென்றும் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. மூன்று பேர் ஒரே குரலில் பேசினாலே போதும், அது ஊரே பேசுவதற்கு ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது.

அடுத்து, அந்த ஒருமித்த குரலில் ஒரு விரிசலை உண்டாக்கினார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்லச் செய்தார். மற்ற அனைவரும் பழையபடியே தவறாகச் சொன்னார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் கூட்டம் இன்னும் பெரும்பான்மைதான். ஆனாலும் மாணவரின் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. தமக்குத் துணையாக வாய்த்த அந்த மனிதரிடம் மாணவர்களுக்கு ஒருவித நெருக்கமும் பிரியமும் உண்டாயின. “அவர் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்” என்ற பொருளில் பலர் பேசியது இன்னும் கவனிக்கத்தக்கது. நம்மைத் தாங்கிப் பிடிக்கும் கையை நாமே உணர்வதில்லை.

துணைவர் சரியாகச் சொன்னதால்தான் இந்த விளைவு ஏற்பட்டதா என்ற ஐயம் எழலாம். ஆஷ் அதையும் சோதித்தார். கூட்டம் சொன்னதைவிட மோசமான தவற்றைச் சொல்லும் ஒருவரை நடுவில் அமர்த்தினார். அந்த மனிதரால் சரியான விடைக்கு எந்த ஆதரவும் இல்லை. ஆயினும் மாணவரின் தவறுகள் 9 விழுக்காடாகக் குறைந்தன. அவர் உண்மையைச் சொல்லவில்லை. கூட்டத்தோடு ஒத்துப்போகாமலும் இருக்க முடியும் என்பதைக் காட்டினார், அவ்வளவுதான். மற்றொரு சோதனையில், முதல் ஆறு சுற்றுகள் வரை உடன் நின்ற துணைவர் திடீரென்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். மாணவரின் தவறுகள் பழைய அளவுக்கே ஏறின. அதே துணைவர், ஏதோ ஒரு காரணம் சொல்லி அறையைவிட்டு வெளியேறியபோது, அவர் தந்த தைரியம் பெருமளவுக்கு அவர் போன பின்னும் நிலைத்தது. கட்சி மாறுவதற்கும் இல்லாமல் போவதற்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நாம் எளிதில் ஊகித்திருக்க மாட்டோம்.

பிறருக்கு நாம் ஏன் இணங்குகிறோம் என்பதற்கு 1955-இல் மார்ட்டன் டாய்ச், ஹெரால்ட் ஜெரார்ட் என்ற இருவர் இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பிறருக்கு நம்மைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்று நம்பி இணங்குவது ஒன்று. அவர்களுடைய மனக்கசப்புக்கும் ஏளனத்துக்கும் அஞ்சி இணங்குவது மற்றொன்று. தெரியாத ஊரில் எல்லாரும் இறங்கும் நிறுத்தத்தில் நாமும் இறங்குவது முதல் வகை. கூட்டத்தில் எல்லாரும் கை தட்டும்போது நாமும் தட்டுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆஷின் சோதனையில் மாணவர் தம் பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுத்தபோது இணக்கம் வெகுவாகக் குறைந்தது. பெரும்பாலோர் கோட்டைத் தவறாகப் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்ல முடியாமல் இருந்தார்கள்.

ஆஷிடம் உதவியாளராக இருந்த ஸ்டான்லி மில்கிராம், கோட்டின் நீளத்துக்குப் பதிலாக இன்னொரு மனிதரின் வேதனையை இந்தக் கேள்வியின் நடுவில் வைத்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் தொடங்கிய அந்தப் பரிசோதனைகளில், ஆய்வாளரின் கட்டளைப்படி, பக்கத்து அறையில் இருப்பவர் தவறு செய்யும்போதெல்லாம் அவருக்கு மேலும் மேலும் கடுமையான மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர், கடைசிப் பொத்தானான 450 வோல்ட் வரை சென்றார்கள். இந்த எண் உலகெங்கும் பேசப்படுகிறது. பங்கேற்றவர்களை ஏமாற்றி அத்தனை மன உளைச்சலுக்கு ஆளாக்கியது முறையா என்ற கண்டனமும் நியாயமானதே. ஆனால் அதே தொடரின் வேறொரு சோதனை போதிய அளவு பேசப்படுவதில்லை. அதில் இருவர் உடன் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக “இனி நான் செய்ய மாட்டேன்” என்று எழுந்தார்கள். அப்போது 40 பேரில் கடைசி வரை சென்றவர்கள் நான்கு பேர்தான்.

ஒருமித்த பேச்சைப் போலவே ஒருமித்த மௌனத்துக்கும் இந்த வலிமை உண்டு. 1968-இல் பிப் லட்டானே, ஜான் டார்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் எதிரே சுவரிலிருந்து புகை வந்தது. தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுந்துபோய்த் தெரிவித்தார்கள். கண்டும் காணாததுபோல் எழுதிக்கொண்டிருக்கும் இருவர் அருகில் இருந்தபோது, பத்துப் பேரில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

இதே காட்சியைப் புகை இல்லாமல் நம் வகுப்பறைகளில் தினமும் பார்க்கலாம். ஆசிரியர் “புரிந்ததா?” என்று கேட்கிறார். புரியாத ஒவ்வொரு மாணவரும் தலையைத் திருப்பி மற்றவர்களைப் பார்க்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று எண்ணித் தலையாட்டிவிடுகிறார். மற்றவரும் அப்படியே எண்ணியிருக்கிறார். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியாமலே பாடம் முடிந்துவிடுகிறது. அலுவலகக் கூட்டங்களிலும் குடும்பத்தில் கூடிப் பேசும் இடங்களிலும் இப்படி எத்தனையோ முடிவுகள், உள்ளுக்குள் யாருக்கும் பிடிக்காமலே, எல்லாருடைய சம்மதத்தோடும் நிறைவேறுகின்றன.

இதை மாற்றுவதற்குப் பெரிய வீரம் தேவையில்லை என்பதுதான் இந்த ஆய்வுகளிலிருந்து நான் பெறும் நம்பிக்கை. இந்திய இராணுவ நீதிமன்றங்களில் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது பதவியில் இளையவரிடமிருந்து தொடங்குகிறார்கள். மூத்தவரின் சொல் மற்றவர்களின் நாக்கைக் கட்டிவிடாதிருக்க இது உதவுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலோ குடியிருப்போர் சங்கத்திலோ இதைப் பின்பற்றத் தடை ஏதும் இல்லை. தலைவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்லலாம். விவாதம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தம் எண்ணத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிவிடலாம். “புரிந்ததா?” என்று கேட்கும் ஆசிரியர், அதற்குப் பதிலாக, “புரியாத இடத்தை ஒவ்வொருவரும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம்” என்று கேட்கலாம். அந்தத் தாள்களை வகுப்பில் படித்துக் காட்டும்போது, தனக்குப் புரியாத அதே இடம் இன்னும் பத்துப் பேருக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளும் மாணவர், அடுத்த முறை கையை உயர்த்தித் தாமே கேட்பார்.

வணக்கம்.