அப்பாவின் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சி அவர்களே, அக்கா அவர்களே, கோயில் கொடை விழாவின் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை தொடங்கும்வரை எங்கள் பட்டிமன்றத்தைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"புகழ்பெற்ற பாடகரின் பிள்ளைக்குப் பெற்றவரின் பெயர் பலமா, பாரமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பாரமே என்று பேச நான் எழுந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி ஒரு பட்டியல் வாசித்தார். வீட்டிலேயே குரு. தொட்டிலிலேயே சுருதி. பக்கவாத்தியக்காரர்கள் எல்லாம் மாமாவும் சித்தப்பாவும். முதல் மேடைக்காக எந்தச் சபா வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அத்தனையும் உண்மை. மறுத்தால் என் அணியினரே என் துண்டைப் பிடித்து இழுப்பார்கள். முதல் மேடையை அப்பா பெயர் வாங்கிக் கொடுக்கும். ஆனால் ஏறிய பிறகு அந்த மேடையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அண்ணாச்சி சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

பெயர் தெரியாத ஒரு பையன் பாட வருகிறான் என்று வையுங்கள். ஏதோ ஓர் ஊர்க் கோயிலில், கூட்டம் சேராத சாயங்காலத்தில் பாடுவான். சுருதி விலகும். சரணத்தில் ஒரு வரி மறந்துபோகும். கேட்டவர்கள் பூசாரியும் நாலு பெரியவர்களும். மறுநாள் யாருக்கும் அது நினைவிருக்காது. இப்படிப் பல ஊர்களில் தப்பாகப் பாடித்தான் ஒரு பாடகன் தேறி வருகிறான். பேர்பெற்றவரின் பிள்ளைக்கு அந்த ஊர்கள் கிடையாது. அவனுடைய முதல் பிழையே முன்வரிசையில் விமரிசனமாகிவிடும். தப்புச் செய்யும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு கையில் மைக்கைக் கொடுக்கிறோம். இதைப் பலம் என்கிறார் அண்ணாச்சி.

அடுத்ததாக அவர் எட்டயபுரத்துக்குப் போனார். மாவட்டம் இப்போது தூத்துக்குடி என்று மாறியிருக்கலாம், நமக்கு அது நெல்லைச் சீமைதான். கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் கண்மூடிய ஊர். அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதர்தான் அம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று சங்கீத உலகம் சொல்கிறது. அந்த ராகத்தில் மகன் பாடிய 'வாதாபி கணபதிம்' இல்லாமல் இன்றும் எத்தனையோ கச்சேரிகள் தொடங்குவதில்லை. "அப்பா விதைத்தார், மகன் அறுத்தார், இதுவா பாரம்?" என்று கேட்டு அண்ணாச்சி கைதட்டலும் வாங்கினார்.

நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். இராமசுவாமி தீட்சிதர் அம்சத்வனியை எப்படிப் பாடினார் என்று இந்தப் பந்தலில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. தெரிய வழியே இல்லை. அவர் குரல் அவரோடு போயிற்று. ராகம் மட்டும் மிஞ்சியது. ஆகவே மகனுக்கு அந்த ராகம் சொத்தாக வந்தது. "உங்கள் அப்பா மாதிரி இல்லையே" என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் ஒலிப்பதிவு தொடங்கியது பாருங்கள், அன்றைக்கே பாடகர் வீட்டுப் பிள்ளைகளின் தலையெழுத்து மாறிவிட்டது. அதற்குமுன் அப்பாவின் பாட்டு மட்டும்தான் பிள்ளைக்கு வந்தது. அதன்பின் அப்பாவின் குரலும் சாகாமல் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் குரலுக்கு வயதாவதில்லை, சளி பிடிப்பதில்லை. எத்தனை முறை போட்டாலும் அதே சுத்தத்தில் பாடும். உயிரோடு நிற்கும் மகன், ஜலதோஷத்தோடும் இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடும், அந்தக் குரலோடு போட்டி போட வேண்டும். என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது, ஐயா.

சீர்காழி கோவிந்தராஜன் அவர்களை எடுத்துக்கொள்வோம். 1933இல் பிறந்து 1988இல் மறைந்த இசைமணி. 'விநாயகனே வினை தீர்ப்பவனே' ஒலிக்காமல் நம் பக்கத்தில் கொடைக்குக் கால் நாட்டுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். 1972இல் வந்த படத்தில் அகத்தியராகவும் நடித்தார். நம் பொதிகை மலை முனிவருக்கு இன்றைக்கும் பலர் மனத்தில் சீர்காழியாரின் முகம்தான். அவருடைய மகன் சிவசிதம்பரம் அவர்கள் மருத்துவம் படித்து டாக்டரானவர், பத்மஸ்ரீ பெற்றவர், கணீரென்ற சாரீரம். நோயும் பார்த்துக்கொண்டு மேடையும் ஏறுவது என்பது லேசான காரியமா? ஆனால் அவர் பாடி முடித்ததும் நாம் என்ன சொல்கிறோம்? "அப்படியே அப்பா!" பாராட்டுத்தான். மனதாரச் சொல்வதுதான். யோசித்துப் பாருங்கள், ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் சாதகம் செய்து, நாம் அவருக்குத் தரும் உச்சமான பட்டம் இன்னொருவரின் பெயராக இருக்கிறது.

விழா மேடைகளில் துண்டுச் சீட்டு வருமே, கவனித்திருக்கிறீர்களா? சின்னப் பையன் ஒருவன் குனிந்துகொண்டே வந்து மேடை ஓரத்தில் வைத்துவிட்டு ஓடுவான். அதில் பெரும்பாலும் அப்பா பாடிய பாட்டுத்தான் எழுதியிருக்கும். "உங்களுக்குப் பிடித்தது ஒன்று பாடுங்கள்" என்று எழுதி வந்த சீட்டை நான் பார்த்ததில்லை. பாரத்தை ஏற்றுவது அப்பா என்று நான் குறை சொல்லவில்லை. எந்த அப்பா ஏற்றுவார்? ஏற்றுகிறவர்கள் நாம். வெற்றிலை போட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்து ஏற்றுகிறோம்.

இனி கொஞ்ச தூரம் போய்வருகிறேன், நடுவர் அனுமதிக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபிராங்க் சினாட்ரா என்று ஒரு பாடகர், 1915 முதல் 1998 வரை வாழ்ந்தவர். அந்த நாட்டில் அவர் குரலைக் கேட்காமல் வளர்ந்த தலைமுறையே கிடையாது. அவருக்கு 1944இல் ஒரு மகன் பிறந்தான். அப்பா பெயர் ஃபிரான்சிஸ் ஆல்பர்ட், மகனுக்கு வைத்த பெயர் ஃபிரான்சிஸ் வெய்ன். முறைப்படி அவன் ஜூனியரே இல்லை! ஆனால் ஊர் அவனை ஃபிராங்க் சினாட்ரா ஜூனியர் என்று எழுதி ஒட்டிவிட்டது. சாகும்வரை அந்த ஒட்டுக் கழலவில்லை.

பையன் பாட வந்தான். எந்தக் குழுவில்? அப்பா இளமையில் பாடிய டாமி டார்சி இசைக்குழுவில். டார்சி காலமான பிறகும் அந்தப் பெயரிலேயே நடந்துகொண்டிருந்த குழு அது. 1963 டிசம்பரில், பத்தொன்பது வயதில், லேக் டாஹோ என்ற ஏரிக்கரையில் பாடுவதற்காக ஓட்டலில் தங்கியிருக்கிறான். கதவைத் தட்டித் துப்பாக்கியைக் காட்டிக் கடத்திப் போய்விட்டார்கள். அந்தப் பையன் பாடி எவ்வளவு சம்பாதித்திருப்பான்? கடத்தியவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. 2,40,000 டாலர் கேட்டார்கள், அப்பா கொடுத்தார், இரண்டு நாளில் பையன் திரும்பினான். கடத்தியவர்களும் பிடிபட்டார்கள். கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல்கள் என்ன வாதாடினார்கள் தெரியுமா? "இதெல்லாம் விளம்பரத்துக்காக நடந்த நாடகம், பையனுக்கும் தெரியும்" என்றார்கள். நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனை கொடுத்தது. ஆனால் ஊர் வாய் மூடுமா? அந்தச் சந்தேகம் அவரை விட்டுப் போகவே இல்லை. அப்பா பெயருக்காகத் தூக்கிப் போனார்கள். திரும்பி வந்தால், அப்பா பெயருக்காகவே நடித்திருப்பான் என்றார்கள்.

அதன்பிறகும் அவர் பாடினார். இசையைத் தெளிவாகக் கற்றவர், குழு நடத்தத் தெரிந்தவர். 1988இல், எழுபதைக் கடந்த அப்பா, தன் இசைக்குழுவை நடத்த மகனைக் கூப்பிட்டார். நாற்பத்து நாலு வயது மகன் போனார். 1995இல் அப்பா மேடையை விடும்வரை உடன் நின்றார். மேல்நாட்டுக் கச்சேரியில் குழுவை நடத்துபவர் எப்படி நிற்பார் தெரியுமல்லவா? வாத்தியக்காரர்களைப் பார்த்து நிற்பார், கூட்டத்துக்குத் தெரிவது அவருடைய முதுகு. பாட வந்த மனிதர் இத்தனை வருடம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார், அப்பா முகத்தைக் காட்டிப் பாடுவதற்காக. 2016 மார்ச்சில், எழுபத்திரண்டாம் வயதில், ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த பயணத்திலேயே இறந்துபோனார். அப்போதும் செய்தி போட்டவர்கள் எல்லாரும் முதலில் எழுதியது, யாருடைய மகன் என்பதைத்தான்.

அக்கா விடுவாரா? நடாலி கோல் என்று ஒரு துருப்பை வைத்திருந்தார். நாட் கிங் கோல் என்ற பாடகரின் மகள், 1991இல், இருபத்தாறு ஆண்டுக்கு முன்பே இறந்துபோன அப்பாவின் பதிவுக் குரலோடு சேர்ந்து பாடி, உலகத்தையே உருக வைத்து, அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கினாரே, இது பலம் இல்லையா என்றார். அக்கா, அந்த அம்மாள் முதல் ஆல்பம் போட்டது 1975இல். அப்பாவின் பாட்டுப் பக்கமே போகாமல் தன் வழியில் பாடினார். சிறந்த புதுமுகம் என்ற கிராமி அப்போதே வாங்கிவிட்டார். சொந்தப் பாட்டோடு பதினாறு ஆண்டு உழைத்தார். கடைசியில் எதற்கு உலகம் எழுந்து நின்று தட்டியது? அப்பாவின் பாட்டுக்கு, அப்பாவோடு சேர்ந்து. உங்கள் துருப்பை நான் வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.

அக்கா நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களையும் விடவில்லை. பெரிய தூணும் சின்னத் தூண்களும் ஒரே கல் என்றார். ஒரே கல்தான். தட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு நாதம் கொடுக்கும். சின்னத் தூணில் காதை வைத்துப் பெரிய தூணின் ஒலி வரவில்லையே என்று யாரும் அங்கே சண்டை போடுவதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் நான் தோற்றுப்போகிறேன். சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா, 2021இல் பத்மஸ்ரீ பெற்று அடுத்த ஆண்டே மறைந்த நம் வில்லிசைச் செம்மல். அவர் மகள் பாரதி திருமகன் அப்பாவோடு வில்லடித்து, அப்பாவுக்குப் பிறகும் வில்லடிக்கிறார். அங்கே அப்பா பெயர் பலம்தான். ஏன் தெரியுமா? வில்லுப்பாட்டில் கதை யாருடைய குரலுக்கும் சொந்தமில்லை. சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் கதையை யார் பாடினாலும் நமக்குப் பட்டன்தான் தெரிவான். போன வருஷம் பாடியவர் நினைவுக்கு வரமாட்டார். குடமும் உடுக்கையும் கட்டையும் சேர, "ஆமா" போட்டுக்கொண்டே பிள்ளை படிப்படியாக முன்னால் வந்து, வில்லை அடிக்கும் வீசுகோலைப் பிடித்துவிடலாம். ஒலிநாடா பூட்டு போட்டுவைத்த பாட்டில் அது நடக்காது.

அதனால்தான் புத்திசாலிப் பிள்ளைகள் பலர் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிட்டார்கள். எம்.எஸ். பெயரின் முன்னெழுத்திலேயே அம்மா மதுரை சண்முகவடிவு இருக்கிறார், உண்மை. ஆனால் அம்மா வாசித்தது வீணை, மகள் எடுத்தது பாட்டு. டி.கே. பட்டம்மாளின் மகன் சிவகுமார் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தார். எஸ்.பி.பி.யின் மகன் சரண் நன்றாகவே பாடுகிறார். ஆனால் 'சென்னை 600028', 'ஆரண்ய காண்டம்' என்று அவர் படம் தயாரித்தபோதுதான் அப்பாவோடு ஒப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. பலம் என்றால் ஏன் ஐயா சந்து தேட வேண்டும்?

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். நாங்கள் இறங்கியதும் மைக் செட் தம்பி பாட்டுப் போடுவார். தம்பி, உன்னிடம் சிவசிதம்பரம் அவர்கள் பாடிய பதிவு இருந்தால் அதைப் போடு. "பெரியவர் பாடியதைப் போடு" என்று எத்தனை சீட்டு வருகிறது என்று எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு நடுவர் ஐயா தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.