உப்புக்கு வால் முளைத்தால்

(கிருஷ்ணகிரியில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டு மாங்காயைத் தொடாமல் பேச முடியுமா? ஊறுகாய்க்கு நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, துண்டு சுருங்கிக் கிடக்கிறது. உப்பு வெளியே நின்றபடியே செல்லின் நீரை இழுத்துவிட்டது. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான செல் சவ்வு அதை லேசில் உள்ளே விடாது.

நான் பேச வந்தது சவ்வுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் உப்பைப் பற்றி.

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். எத்தில் அமோனியம் நைட்ரேட் என்ற உப்போ சுமார் 12 டிகிரியிலேயே உருகும்; 1914-இல் வேதியியலாளர் பால் வால்டன் அதைப் பதிவு செய்தார். ஓசூரின் மார்கழிக் குளிரில் வேண்டுமானால் அது உறையப் பார்க்கும்! இப்படி 100 டிகிரிக்குக் கீழே உருகும் உப்புகள்தான் அயனித் திரவங்கள்.

இவற்றில் இமிடசோலியம் வகையைப் பாருங்கள். மின்னேற்றமுள்ள தலை, பின்னால் கார்பன் வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய். செல் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளும் அதே ஜாதிதான். இரண்டு வரிசையாக நின்று சுமார் 5 நானோமீட்டர் தடிமனில் சுவர் கட்டியிருக்கின்றன. அந்த வரிசைக்குள் இந்த வால் முளைத்த உப்பு நுழைந்துவிடுகிறது.

தருமபுரி டவுன் பஸ்ஸில் பெரியவர்கள் நெருக்கி நிற்கும்போது, முதுகில் புத்தகப் பையோடு ஒரு சிறுவன் புகுந்தால் என்ன ஆகும்? பை இடத்தை அடைக்கும். அவன் தலைக்கு மேலே காலியாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் அந்தக் காலியிடத்தில் சாய்வார்கள். சவ்விலும் அதேதான். உப்பின் குட்டை வாலுக்கு அப்பால் உள்ள இடைவெளியை நிரப்பக் கொழுப்பின் நீள வால்கள் மடங்குகின்றன. வரிசை குலைகிறது, சவ்வு மெலிகிறது, அதை வளைக்கக் குறைந்த ஆற்றலே போதுமானதாகிறது. அணுவிசை நுண்ணோக்கியின் ஊசி முனையால் அழுத்திப் பார்த்தே இந்த மாற்றத்தை அளக்கிறார்கள். சவ்வு நன்றாக வளையும். ஆனால் பரப்பளவில் சில சதவீதம் இழுத்தாலே கிழிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

பொருள்களைக் கரைக்கப் பயன்படும் இந்த அயனித் திரவங்களுக்குப் 'பசுமைக் கரைப்பான்' என்று பெயர் சூட்டினார்கள். லேசில் ஆவியாகாது, காற்றைக் கெடுக்காது, சரி. தண்ணீரில் கலந்தால்? அந்தப் பெயர் எனக்கு அவசரப்பட்டு வைத்ததாகவே படுகிறது. வால் 4 கார்பனிலிருந்து 8 கார்பனாக நீண்டால் நச்சுத்தன்மை பொதுவாக ஏறுகிறது. அதையே பாக்டீரியாவின் சவ்வை உடைக்கப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுகள் நடக்கின்றன.

அளவு குறைவாக இருந்தால் செல் சாவதில்லை. சவ்வின் மீள்தன்மை மட்டும் மாறுகிறது. அப்புறம் அந்தச் செல் நகர்ந்து போகும் வேகமும் மாறலாம். செத்த செல்களை மட்டும் எண்ணுகிற சோதனையில் இது கண்ணில் படாது.