சோம்பலுக்கு முன்பு ஐடில்

வணக்கம், நேயர்களே.

வேலை செய்யாமல் இருப்பவரை ஆங்கிலத்தில் 'ஐடில்' என்று சொல்கிறார்கள். சோம்பேறி என்ற வசை இந்தச் சொல்லின் மீது பிற்காலத்தில்தான் ஏறியது. முதலில் இதற்கு 'வெறுமையான', 'பயனற்ற' என்றுதான் பொருள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ஈடெல்'. அக்காலத் துறவி ஆல்ஃப்ரிக், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை மொழிபெயர்த்தபோது, படைப்பின் தொடக்கத்தில் பூமி 'ஈடெல்' ஆகவும் 'ஏம்டி' ஆகவும் இருந்தது என்று எழுதினார். பூமி சோம்பிக் கிடந்ததாக யாரும் படிக்கமாட்டோம். அது வெறுமையாய்க் கிடந்தது. பெயர் தெரியாத ஒரு பழங்கவிஞர், ஊராரின் ஆரவாரம் அடங்கியபின் அரக்கர்கள் கட்டிய பழைய கட்டடங்கள் 'ஈடெல்' ஆக நின்றன என்று பாடியிருக்கிறார். அங்கும் ஆளற்ற பாழ்தான்.

அந்த 'ஏம்டி' நம் தெருவில் யாரையோ அதட்டுவதுபோல ஒலிக்கலாம். அதுதான் இன்றைய 'எம்ப்டி'. அதன் வேர்ச்சொல்லுக்கு ஓய்வு என்று பொருள். வேலை இல்லாமல் ஓய்வாக இருந்தவர் 'ஏம்டி'. குடும்பப் பொறுப்பு ஏற்காதவர், திருமணமாகாதவர்கூட அப்படி அழைக்கப்பட்டார். பிறகு என்ன நடந்தது? ஓய்வைக் குறித்த சொல் காலிப் பாத்திரத்துக்குப் போயிற்று. காலியைக் குறித்த சொல் ஓய்ந்திருக்கும் மனிதனிடம் வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாற்றிக்கொண்ட கதை!

ஜெர்மன் மொழியிலுள்ள உறவுச்சொல் வேறு வழியில் போய், தற்பெருமைக்காரரைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் பழைய பொருள் முழுதாய் அழியவில்லை. நிறைவேற்ற வலுவில்லாத வெற்று மிரட்டலுக்கு இன்றும் 'ஐடில்' என்ற அடைமொழிதான்.

மனிதர்மேல் ஏறிய பிறகு சொல்லுக்குக் கடுமை வந்தது. 1824ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட நாடோடிகள் சட்டம், 'ஐடில் மற்றும் ஒழுங்கற்ற நபர்கள்' என்று ஒரு வகையையே வைத்திருந்தது. உழைக்க முடிந்தும் மறுப்பவர், பிச்சை எடுப்பவர் அதில் அடங்குவர். உரிமம் இல்லாமல் ஊர் ஊராய்ச் சரக்கு விற்ற சில்லறை வியாபாரியும் அதே வகைதான். பகலெல்லாம் சுமை தூக்கி நடந்தவன் எப்படி ஐடில் ஆனான் என்று எனக்கு விளங்கவில்லை, சட்டத்துக்கு விளங்கியிருக்கிறது. தண்டனை, ஒரு மாதம் வரை கடின உழைப்புடன் சிறை.

இயந்திரங்கள் வந்தபின் இந்த வசை தணிந்தது என்றே நினைக்கிறேன். சிக்னலில் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஐடிலில் ஓடுகிறது என்கிறோம். எஞ்சின் அப்போது தூங்கவில்லை. பெட்ரோலை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் விசை சக்கரத்துக்குப் போகவில்லை, அவ்வளவே. பயனின்றிச் சுழல்வதால், 'பயனற்ற' என்ற பழைய பொருள் இங்கே எட்டிப்பார்க்கிறது.

கணினியிலும் இச்சொல் உண்டு. விண்டோஸில் எந்த நிரல் எவ்வளவு திறனை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் பட்டியலில், 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்ற பெயருக்கு நேரே 95 விழுக்காடு என்று இருப்பதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. ஏதோ ஒரு நிரல் கணினியை விழுங்குகிறது என்று அதை நிறுத்தவும் முயன்றிருக்கிறார்கள். அது நிற்காது. கணினியின் மூளையான பிராசசர் வேலையின்றிக் காலியாகக் கிடக்கும் நேரத்தின் கணக்குதான் அந்த 95.