தலைமாட்டில் ஓர் ஒலிப்பதிவு

நேயர்களுக்கு வணக்கம்.

நாள் எண்ணிக்கொண்டு படுத்திருப்பவரிடம் "உங்க வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் என்னத்தப் பெரிசா செஞ்சுட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கனடாவின் வின்னிபெக் நகரத்து மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் அந்தக் கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்தார். எந்தக் காலத்தில் ரொம்ப உயிர்ப்போடு இருந்தீர்கள்? வீட்டில், வேலையில், ஊரில் என்னவாக இருந்தீர்கள்? எதில் பெருமை? பிள்ளைகளிடம் சொல்ல என்ன பாக்கி? பதில்களைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, குடும்பத்தார் கையில் கொடுக்கும் இந்த முறைக்கு 'டிக்னிட்டி தெரபி', அதாவது கண்ணியம் காக்கும் சிகிச்சை, என்று பெயர்.

கேள்விகளை ஓரிரு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். பேச்சு ஒரு மணி நேரம் போதும்; மூச்சு வாங்கினால் அரை மணியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். செல்போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, தலையணை ஓரம் இருக்கட்டும். ஆக்சிஜன் மெஷின் பக்கம் வைத்தால் இரைச்சல்தான் பதிவாகும். வலி தணிந்திருக்கும் வேளை பார்த்து ஆரம்பியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா, அந்த வீடு கட்டினதச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுக்கும் மகனை நாசூக்காக வெளியே அனுப்பிவிடுங்கள். அவர் இருந்தால் அப்பா அவருக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்.

இரண்டு மூன்று நாளுக்குள் எழுத்தாக்கிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நினைவு தடுமாறத் தொடங்கிவிடலாம். முன்பின்னாக வந்ததை வரிசைப்படுத்தலாம். ஆனால் "எங்க ஆத்தா" என்றதை "என் தாயார்" என்று மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.

பலரும் அவசரப்பட்டு விட்டுவிடும் வேலை, முழுவதையும் அவருக்கே வாசித்துக் காட்டுவது. என் கணக்கில் இதுதான் உயிர்நாடி. "சின்னவன் உருப்பட மாட்டான்" என்று கோபத்தில் சொன்னது தாளில் ஏறினால், அவர் போன பிறகும் நிற்கும். இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். யாருக்குப் பிரதி என்பதையும் அவரே சொல்லட்டும்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 100 நோயாளிகளிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 67 சதவீதத்தினர் வாழ்வின் அர்த்தம் கூடியதாக உணர்ந்தார்கள். 2011இல் வந்த பெரிய ஆய்வில், வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களோடு ஒப்பிட்டால், மன உளைச்சல் அளவுகோல்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உதவியாக இருந்தது என்று நோயாளிகள் சொன்னது மட்டும் மாறவில்லை. ஆகவே இதை மருந்துக்குப் பதிலாக நினைக்க வேண்டாம்.

நேரமே இல்லையா? ஊரில் என்னவாக இருந்தீர்கள் என்பதை மட்டும் கேளுங்கள். "நாலு தெரு கல்யாணத்துக்கும் பந்தி விசாரிச்சது நான்தானே" என்று பேச்சு அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.